ட்ரக்கோமா: இந்தியாவில் ஒழிக்கப்பட்டது என்பதன் பொருள் என்ன?

புதுதில்லி:

ட்ரக்கோமா எனப்படும் தொற்று வகைக் கண் அழற்சி நோய், இந்தியாவில் இனி ஒரு பொது சுகாதாரப் பிரச்னை அல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2024-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி அறிவித்தது. நேபாளம் (2018), மியான்மர் (2020) ஆகிய நாடுகளைத் தொடர்ந்து, அந்த அமைப்பின் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் இந்நிலையை எட்டிய மூன்றாவது நாடு இந்தியா. உலக அளவில் 20-வது நாடு. 2025-ம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் நடைபெற்ற 78-வது உலக சுகாதாரப் பேரவையில் இதற்கான சான்றிதழ் இந்தியாவுக்கு வழங்கப்பட்டது.

இந்த அறிவிப்பின் சொற்கள் கவனித்துப் படிக்கத்தக்கவை. நோய்க்கிருமி நாட்டில் அறவே இல்லை என்று அது கூறவில்லை. நோயின் அளவு, வரையறுக்கப்பட்ட எல்லைக்குக் கீழே சென்றுவிட்டது என்பதே அதன் பொருள். அந்த எல்லை எது, அது எவ்வாறு அளக்கப்பட்டது, இனி யாருக்கு என்ன கவனிப்பு தேவை என்பவற்றை அறிய, இந்நோய் மக்களிடையே பரவும் விதத்தை அறிவது அவசியம்.

நோயும் கிருமியும்

கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியா, மேல் இமையின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய படலத்தைத் தாக்குவதால் ட்ரக்கோமா உண்டாகிறது. சொரசொரப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. இமையைத் திருப்பிப் பார்த்தால் அதன் உட்புறத்தில் சிறு கொப்புளங்கள் போன்ற புடைப்புகள் தென்படும். வட இந்தியாவில் மக்கள் இதனை 'ரோஹே' என்றும் 'குக்ரே' என்றும் அழைத்துவந்தனர்.

இக்கிருமி உயிரணுக்களுக்கு உள்ளே மட்டுமே பெருகக்கூடியது. இதனால் நீண்ட காலம் இது ஒரு வைரஸ் என்றே கருதப்பட்டது. சீன நுண்ணுயிரியலாளர் டாங் ஃபெய்ஃபான் 1950-களில் இதனை ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார். அதன் பின்னரே நோய்க் காரணி பற்றிய ஆராய்ச்சி உறுதியான தளத்தில் நின்றது.

தொற்றால் பார்வையிழப்பை உண்டாக்கும் நோய்களில் உலக அளவில் முதலிடம் ட்ரக்கோமாவுக்கே. சுமார் 19 லட்சம் பேரின் பார்வையிழப்புக்கோ பார்வைக் குறைபாட்டுக்கோ இது காரணம் என்று உலக சுகாதார அமைப்பு கணித்துள்ளது.

குழந்தைப் பருவத்தில் தொற்று, முதுமையில் பார்வையிழப்பு

இந்நோயின் தனித்தன்மை, தொற்றுக்கும் பார்வையிழப்புக்கும் இடையே உள்ள நீண்ட கால இடைவெளி. கிருமி மிகுதியாகக் காணப்படுவது பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளிடம். நோய் கடுமையாக வேரூன்றிய பகுதிகளில் இக்குழந்தைகளில் 60 முதல் 90 சதவீதம் பேர் வரை பாதிக்கப்படுவது உண்டு. ஆயினும் அவர்களில் எவரும் உடனே பார்வையை இழப்பதில்லை. கண் சிவப்பு, உறுத்தல், பீளை ஆகியவையே வெளித்தெரியும் அறிகுறிகள். சில குழந்தைகளிடம் அவையும் தெரிவதில்லை.

ஒருமுறை தொற்று ஏற்பட்டு நீங்கினால் பெரும்பாலும் தீங்கு நேராது. மீண்டும் மீண்டும் தொற்று ஏற்பட்டு, ஒவ்வொரு முறையும் அழற்சி தோன்றி அடங்கும்போதுதான் இமையின் உட்புறத்தில் தழும்பு உருவாகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தழும்பு சுருங்கி, இமையின் விளிம்பை உட்புறமாக இழுக்கிறது. இமை முடிகள் கண்ணின் மீது உரசத் தொடங்குகின்றன. கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் முடிகள் கருவிழியைக் கீறுகின்றன. இந்நிலையே இமைமுடி உள்நோக்கித் திரும்புதல் எனப்படுகிறது. நாளடைவில் கருவிழி வெண்மையாகி ஒளியை மறைத்துவிடுகிறது. இவ்வாறு இழந்த பார்வையை மீட்பது அரிது.

ஆகவே 60 வயது மூதாட்டி ஒருவரின் கண்ணில் காணப்படும் பாதிப்பு, பல பத்தாண்டுகளுக்கு முன் அவர் வளர்ந்த ஊரின் சுகாதார நிலையைக் காட்டுகிறது. அதே ஊரில் இன்று தொற்று உள்ளதா என்பதைச் சொல்லக்கூடியவை அங்குள்ள குழந்தைகளின் கண்களே. நோயை அளக்கும் முறை முழுவதும் இந்த அடிப்படையின் மீதே அமைந்துள்ளது.

பெண்கள் அதிகம் பாதிக்கப்படுவது ஏன்?

ட்ரக்கோமாவால் பார்வையிழக்கும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு நான்கு மடங்கு வரை அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. தொற்றுள்ள குழந்தைகளை நாள்தோறும் தூக்கி வளர்ப்பவர்களும், அவர்களுடன் ஒரே படுக்கையில் உறங்குபவர்களும் பெரும்பாலும் தாய்மார்களும் மூத்த சகோதரிகளும் பாட்டிகளுமே. குழந்தைப் பருவத்தோடு நின்றிருக்க வேண்டிய தொற்று, பிள்ளை வளர்ப்பின் வழியே பெண்களிடம் திரும்பத் திரும்ப வருகிறது. தழும்பு ஆழமாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பரவும் வழிகள்

கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வடியும் நீரில் கிருமி உள்ளது. விரல்கள், பலர் பயன்படுத்தும் துண்டு, தலையணை உறை, சேலைத் தலைப்பு ஆகியவற்றின் வழியாக அது அடுத்தவரை அடைகிறது. கண்களை மொய்க்கும் ஈக்களும் அதனைச் சுமந்து செல்கின்றன. ஒரே விரலால் பல குழந்தைகளுக்குக் கண் மை தீட்டும் வழக்கமும் தொற்றுக்கு வழிவகுப்பதாக இந்தியப் பொது சுகாதார நூல்கள் குறிப்பிடுகின்றன.

தண்ணீர்ப் பற்றாக்குறை, கழிப்பறை இல்லாமை, ஓர் அறையில் பலர் உறங்கும் நெருக்கடி ஆகியவை ஒன்றுசேரும் இடங்களில் நோய் நிலைத்துவிடுகிறது. தொலைவிலிருந்து குடத்தில் சுமந்துவரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் செலவிட்ட பிறகு, குழந்தையின் முகம் கழுவ மிஞ்சுவது மிகச் சிறிதே. திறந்தவெளியில் கிடக்கும் மனிதக் கழிவில் ஈக்கள் பெருகுகின்றன.

ஐரோப்பிய வரலாறும் இதனை உறுதிசெய்கிறது. எகிப்தில் போரிட்டுத் திரும்பிய படைவீரர்களோடு 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்நோய் பெருமளவில் பரவியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பின்னர், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் கண்டுபிடிக்கப்படும் முன்னரே, வீடும் குடிநீரும் சீரடைந்ததால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ட்ரக்கோமா மறைந்தது. மாறாக, வளர்ந்த நாடான ஆஸ்திரேலியாவில் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் அது நீண்ட காலம் நீடித்தது.

'மெட்ராஸ் ஐ' வேறு, ட்ரக்கோமா வேறு

தமிழ்நாட்டில் 'மெட்ராஸ் ஐ' என்று அழைக்கப்படும் கண் அழற்சியும் தொற்று நோயே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் அடினோ வைரஸ் போன்ற வைரஸ்களால் ஏற்படுகிறது. திடீரெனத் தோன்றி, ஒரு வீட்டிலோ வகுப்பறையிலோ உள்ள அனைவரிடமும் சில நாட்களில் பரவி, ஓரிரு வாரங்களில் தானாக அடங்குகிறது. 2023-ம் ஆண்டு மழைக்காலத்தில் தில்லி, குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட பல மாநிலங்களில் இத்தகைய அலை எழுந்தது.

ட்ரக்கோமா அலையாக எழுந்து அடங்குவதில்லை. ஓர் ஊரில், ஒரு குடும்பத்தில் பல ஆண்டுகள் ஓசையின்றித் தங்கியிருக்கும். 'மெட்ராஸ் ஐ' செய்தியாகிறது. மருத்துவமனைகளில் வரிசை நீள்கிறது. ட்ரக்கோமாவோ தேடிச் சென்று இமையைத் திருப்பிப் பார்த்தால் மட்டுமே தெரியவருகிறது. இவ்விரண்டில் எதுவாயினும், மருத்துவரின் ஆலோசனையின்றி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்துகளைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

இந்தியாவில் அன்றைய நிலை

சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பார்வையிழப்பின் முக்கியக் காரணங்களுள் ட்ரக்கோமாவும் ஒன்றாக இருந்தது. பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அக்காலத்தில் நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளில், பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. குஜராத்திலும் பாதிப்பு மிகுதி. கிழக்கே மேற்கு வங்கத்தில் மிகக் குறைவு. வறண்ட வடமேற்குப் பகுதிகளில் தண்ணீர்த் தட்டுப்பாடும் புழுதியும் ஈக்களும் சேர்ந்து நோயை நிலைபெறச் செய்திருந்தன.

இப்பின்னணியில் 1963-ம் ஆண்டு, உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றின் ஆதரவுடன் தேசிய ட்ரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. டெட்ராசைக்ளின் வகைக் கண் களிம்புகளை வீடுதோறும் வழங்குவதும், சுகாதாரக் கல்வி அளிப்பதும் அதன் முதன்மைப் பணிகளாக இருந்தன. 1976-ல் தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, ட்ரக்கோமா பணிகள் அதனுடன் இணைக்கப்பட்டன.

நாட்டில் ஏற்படும் பார்வையிழப்பில் ட்ரக்கோமாவின் பங்கு 1971-ல் 5 சதவீதமாக இருந்தது என்றும், தற்போது அது 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்துள்ளது.

எவ்வாறு அளக்கப்படுகிறது?

1987-ல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட எளிய தரவரிசை முறையே இன்றும் கள ஆய்வுகளின் அடிப்படை. உருப்பெருக்கிக் கண்ணாடியும் கைவிளக்கும் இதற்குப் போதுமானவை. பயிற்சி பெற்ற பணியாளர் மேல் இமையைத் திருப்பிப் பார்க்கிறார். அரை மில்லிமீட்டருக்குக் குறையாத புடைப்புகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் செயலூக்கமுள்ள நோய் எனப் பதிவு செய்யப்படுகிறது. கடும் வீக்கம், தழும்பு, இமைமுடி உள்நோக்கித் திரும்புதல், கருவிழி வெண்மையாதல் ஆகியவை ஏனைய நான்கு நிலைகள்.

ஒரு நாடு நோயை ஒழித்ததாக ஏற்கப்பட மூன்று நிபந்தனைகள் உள்ளன.

முதலாவது, 1 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளிடம் செயலூக்கமுள்ள நோய் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இது தற்போதைய பரவலைக் காட்டுகிறது.

இரண்டாவது, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில், சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வராத இமைமுடி பாதிப்பு 0.2 சதவீதத்துக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அதாவது ஆயிரம் பேருக்கு இருவருக்கும் குறைவு. இது கடந்த காலத் தொற்றின் எஞ்சிய சுமையைக் காட்டுகிறது.

மூன்றாவது, புதிதாக இமைமுடி பாதிப்பு ஏற்படுவோரைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும், அதற்குரிய நிதியும் தொடர்ந்து இருத்தல் வேண்டும்.

முதல் இரண்டு நிபந்தனைகளும், முன்னர் நோய் இருந்த ஒவ்வொரு மாவட்டத்திலும் தனித்தனியே நிறைவேற வேண்டும். நாட்டின் சராசரி எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒரு மாவட்டத்தின் நிலையை அது மறைக்க இயலாது.

நான்கு அம்ச உத்தி

அறுவை சிகிச்சை, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, முகத் தூய்மை, சுற்றுச்சூழல் மேம்பாடு ஆகிய நான்கும் சேர்ந்த 'சேஃப்' உத்தியை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. திரும்பிய இமை விளிம்பைச் சீராக்கும் அறுவை சிகிச்சை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து குறுகிய நேரத்தில் முடிக்கக்கூடியது. அது வலியை நீக்குகிறது; மேற்கொண்டு பார்வை குறையாமல் காக்கிறது. ஏற்கெனவே கருவிழியில் விழுந்த தழும்பை அது போக்குவதில்லை.

பல வாரங்கள் கண்ணில் களிம்பு இடுவதற்கு மாற்றாக, ஒரே வேளை வாய்வழியாக அளிக்கப்படும் அசித்ரோமைசின் மருந்து பெரும் திருப்பத்தை ஏற்படுத்தியது. நோய்ப் பரவல் உள்ள பகுதியில், அறிகுறி உள்ளோர், இல்லாதோர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இம்மருந்து வழங்கப்படுகிறது. ஒரு குழந்தைக்கு மட்டும் சிகிச்சை அளித்தால், சிகிச்சை பெறாத தம்பியிடமிருந்தோ தாயிடமிருந்தோ தொற்று மீண்டும் வந்துவிடும் என்பதே இதற்குக் காரணம். பைசர் நிறுவனம் 1990-களின் இறுதியிலிருந்து பல நாடுகளுக்கு இம்மருந்தை நன்கொடையாக வழங்கிவருகிறது.

மருந்து கிருமியைக் குறைக்கிறது. அது திரும்பாமல் தடுப்பவை தண்ணீரும் கழிப்பறையும் தூய்மையும்தான். இந்தியாவின் வெற்றியில் தூய்மை இந்தியா இயக்கத்துக்கும், வீடுகளுக்குக் குழாய்வழிக் குடிநீர் வழங்கும் ஜல் ஜீவன் இயக்கத்துக்கும் பங்கு உண்டு என்று மத்திய அரசு தெரிவித்துள்ளது.

கார் நிக்கோபார் தந்த பாடம்

நாட்டின் பெரும்பகுதியில் நோய் மறைந்துவந்த காலத்தில், அந்தமான் நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் கார் நிக்கோபார் தீவில் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் அச்சிறு தீவில் 2010-ல் நடத்தப்பட்ட ஆய்வில், 1 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் செயலூக்கமுள்ள ட்ரக்கோமா கண்டறியப்பட்டது.

இதையடுத்து 2010 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஒருமுறை என மூன்று சுற்றுகள், தீவு மக்கள் அனைவருக்கும் அசித்ரோமைசின் வழங்கப்பட்டது. 2013-ல் மீண்டும் ஆய்வு செய்தபோது பாதிப்பு 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. மிகப் பெரிய வீழ்ச்சி இது. ஆயினும் 5 சதவீத எல்லையை அது அப்போது தொடவில்லை.

இந்த நிகழ்விலிருந்து இரு உண்மைகள் தெளிவாகின்றன. தொலைதூரத்தில் உள்ள சிறு சமூகங்களில் நோய் எவர் கண்ணுக்கும் படாமல் உச்ச அளவில் இருக்கக்கூடும். கண்டறிந்த பின் முறையாகச் செயல்பட்டால் மூன்றே ஆண்டுகளில் அதனைப் பெருமளவு குறைக்கவும் இயலும்.

ஒழிப்பை உறுதிசெய்த ஆய்வுகள்

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம், 2014 முதல் 2017 வரை தேசிய ட்ரக்கோமா ஆய்வை நடத்தியது. 23 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் உள்ள 27 அதிக ஆபத்துள்ள மாவட்டங்களில் 1 முதல் 9 வயது வரையிலான 19 ஆயிரத்து 662 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். செயலூக்கமுள்ள நோய் 0.7 சதவீதமாக மட்டுமே இருந்தது. இதன் அடிப்படையில், தொற்று நிலையிலுள்ள ட்ரக்கோமாவிலிருந்து நாடு விடுபட்டுவிட்டதாக 2017 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

ஆயினும் உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரத்துக்கு மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. குழந்தைகளைப் பற்றிய நிபந்தனை நிறைவேறினாலும், முதியோரிடம் உள்ள இமைமுடி பாதிப்பு குறித்த சான்றுகள் தேவைப்பட்டன. 2019 முதல் 2024 வரை அனைத்து மாவட்டங்களிலும் கண்காணிப்பு தொடர்ந்தது. 2021 முதல் 2024 வரை, முன்னர் நோய் இருந்த 200 மாவட்டங்களில் இமைமுடி பாதிப்பை மட்டுமே கண்டறிவதற்கான தேசிய ஆய்வு நடத்தப்பட்டது. இவற்றின் முடிவுகளை ஆராய்ந்த பின்னரே 2024 அக்டோபர் அறிவிப்பு வெளியானது.

எஞ்சியுள்ள பணிகள்

ஒழிப்பு அறிவிக்கப்பட்ட பின்னும் இரு குழுவினர் கவனத்துக்கு உரியவர்கள்.

முதல் குழுவினர், 1960-களிலும் 1970-களிலும் நோய் மிகுந்த பகுதிகளில் குழந்தைப் பருவத்தைக் கழித்து, இன்று முதுமையை எட்டியோர். அவர்களின் கண்களில் கிருமி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பழைய தழும்பு தொடர்ந்து சுருங்கக்கூடியது. 0.2 சதவீதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், மக்கள்தொகை மிகுந்த மாவட்டங்களில் அந்த எல்லைக்கு உட்பட்டே நூற்றுக்கணக்கானோர் இருக்க இயலும். கண்ணில் முடி உரசுவதை முதுமையின் தொல்லை எனக் கருதி, சிமிட்டியால் முடியைப் பிடுங்கிக்கொண்டு காலம் கடத்துவோர் உண்டு. கண்புரை முகாம்களில் முதியோரின் இமை விளிம்பையும் சேர்த்துப் பரிசோதித்தால் இத்தகையோரைக் கண்டறிய முடியும்.

இரண்டாவது குழுவினர், குடிநீரும் கழிப்பறையும் முழுமையாகச் சென்றடையாத குடியிருப்புகளின் குழந்தைகள். இடம்பெயரும் தொழிலாளர் குடும்பங்கள், தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகள் ஆகியவை கணக்கெடுப்பில் எளிதில் விடுபடக்கூடியவை.

நோய் குறையக் குறைய அதனைக் கண்டறிவதும் கடினமாகிறது. ட்ரக்கோமாவை நேரில் பார்த்துப் பழகிய மருத்துவர்களும் பணியாளர்களும் ஓய்வுபெற்று வருகின்றனர். ஒவ்வாமையாலும் வேறு கிருமிகளாலும்கூட இமையின் உட்புறத்தில் புடைப்புகள் தோன்றலாம். ஆகவே பாதிப்பு அரிதாக உள்ள நாடுகளில், கண் பரிசோதனையுடன் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையும், இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் கண்டறியும் சோதனையும் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

உலக அளவில், ட்ரக்கோமா ஆபத்துள்ள பகுதிகளில் வாழ்வோரின் எண்ணிக்கை 2002-ல் சுமார் 150 கோடியாக இருந்து, 2024-ல் சுமார் 10.3 கோடியாகக் குறைந்துள்ளது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்க நாடுகளில் வாழ்கின்றனர். 2030-ம் ஆண்டுக்குள் உலகெங்கும் இந்நோயைப் பொது சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து அகற்றுவது உலக சுகாதார அமைப்பின் இலக்கு.

பெரியம்மையைப் போல ட்ரக்கோமா வேரறுக்கப்பட்டுவிடவில்லை. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. முகம் கழுவப் போதிய தண்ணீர், ஈக்கள் பெருகாத சுற்றுப்புறம், இமையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த சுகாதாரப் பணியாளர் ஆகிய மூன்றும் தொடர்ந்து இருக்கும் வரையிலேயே இந்தியா பெற்ற சான்றிதழ் செல்லுபடியாகும்.